மக்ராஸ் ஏரிச் சுற்று (கில்லார்னி): முழங்கால் வலியுள்ள அம்மா, தள்ளுவண்டியில் குழந்தை. எதுவரை போகலாம்?

கார்க்வாசி எழுதியது:

அக்டோபர் முதல் வாரம் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் உள்ள கில்லார்னி தேசியப் பூங்காவில் மக்ராஸ் ஏரியைச் சுற்றி நடக்கத் திட்டம். நான்கு பேர். அம்மாவுக்கு 65 வயது. சமதளத்தில் 5 கி.மீ. வரை நடப்பார், இறக்கத்தில் முழங்கால் ஒத்துழைக்காது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தள்ளுவண்டி.

தெரிய வேண்டியவை:

1. சுற்று 10 கி.மீ. என்று போட்டிருக்கிறது. நிஜத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?
2. வலஞ்சுழியா, இடஞ்சுழியா? எந்தத் திசை நல்லது?
3. தள்ளுவண்டி எதுவரை ஓடும்?
4. சாதாரண ஓட்டக் காலணி போதுமா, பூட்ஸ் வாங்க வேண்டுமா?
5. உண்ணிக்கடி பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு கவனம் தேவை?

"அழகான இடம், ரசித்துவிட்டு வாருங்கள்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன. பாதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுண்ணாம்புக்கல் எழுதியது:

தூரத்தை மறந்துவிட்டுக் காலடியில் என்ன பாறை என்று பாருங்கள். இந்தச் சுற்றில் உங்கள் ஐந்து கேள்விகளில் மூன்றுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

மக்ராஸ் ஏரி இரண்டு பாறை வகைகள் சந்திக்கும் கோட்டின் மேல் கிடக்கிறது. மக்ராஸ் மாளிகை இருக்கும் கிழக்குப் பக்கமும், அங்கிருந்து மேற்கே நீளும் தீபகற்பத்தின் முற்பகுதியும் சுண்ணாம்புக்கல். தீபகற்பத்தின் மேற்கு முனை, அதை அடுத்த டினிஸ் தீவு, தென்கரை, டார்க் மலை எல்லாம் பழைய செம்மணற்கல். காட்டின் முகமே இதனால் மாறுகிறது. சுண்ணாம்புக்கல் மேல் யூ என்ற ஊசியிலை மரக்காடு, மணற்கல் மேல் ஓக் காடு. நடந்து போகும்போதே கோட்டைத் தாண்டியது தெரியும்: இருட்டாக, தரையில் செடியே இல்லாமல் பச்சைப் பாசி மட்டும் விரித்திருந்த காடு முடிந்து, வெளிச்சமும் பெரணிகளும் உள்ள காடு தொடங்கும்.

முதலில் யூ மரக்காடு. ரீனடின்னா என்று பெயர், சுமார் 25 ஹெக்டேர். யூ மரம் மட்டுமே அடர்ந்து நிற்கும் இயற்கைக் காடு ஐரோப்பாவிலேயே அரிது. மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. வெறும் பாறைத்தளத்தின் மேல் மரங்கள் வேரைப் பரப்பி, இடுக்குகளில் இறக்கி நிற்கின்றன. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துப் பாறையில் நீளநீளமான பிளவுகளை உண்டாக்கியிருக்கிறது. அந்தப் பிளவுகளின் மேல் பாசி மெத்தைபோலப் படர்ந்து மூடிவிடும். பார்க்கச் சமதரை, கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். இங்கே கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் பாதையைவிட்டுப் படம் எடுக்க நான்கு அடி உள்ளே போகிறவர்களுக்குத்தான். பாசி நசுங்கினால் மீண்டும் வளர வருடக்கணக்கில் ஆகும் என்பது இன்னொரு காரணம்.

மணற்கல் பக்கத்தில் வேறு தொல்லை. அமில மண், கரிய சேறு, நீர் வடியாது. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் குட்டை நிற்கும். ஓக் வேர்கள் பாதைக்குக் குறுக்கே ஓடும். அவற்றின் மேல் ஈரம் இருந்தால் சோப்புக்கட்டிதான். வேரின் மேல் மிதிக்கக் கூடாது, தாண்டி மிதிக்க வேண்டும். வேரின் நீளவாக்கில் பாதம் வைப்பது அதைவிட மோசம்.

இனி காலணி. தார்ப்பாதையைவிட்டு இறங்காவிட்டால் ஓட்டக் காலணி போதும். ரீனடின்னாவுக்குள் போகும் ஆர்தர் யங் தடம் (சுமார் 4.5 கி.மீ.) நடப்பதாக இருந்தால் அடிப்பாகம் மென்மையான ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு இருக்க வேண்டும். ஈரமான சுண்ணாம்புக்கல்லில் கடினமான அடிப்பாகம் பிடிக்காது, விலை எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. குதிகாலை முதலில் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் ஒரேயடியாக வைத்து, அடிகளைச் சிறிதாக்கி நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். தோலாலான கனத்த பூட்ஸ் இந்தச் சுற்றுக்குத் தேவையே இல்லை.

நேரம்: 10 கி.மீ. நிற்காமல் நடப்பவருக்கு இரண்டரை மணி. பிரிக்கீன் பாலத்தில் நின்று, டினிஸில் உட்கார்ந்து, டார்க் அருவிக்கும் ஏறி இறங்கினால் நான்கு மணி. குழந்தை இருந்தால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

மழைக்கோட்டு எழுதியது:

மேலே பாறை பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. திசை, வண்டி, சாலை பற்றி நான் சொல்கிறேன்.

இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகப் போவது சைக்கிள்காரர்களுக்கு விதி. நடப்பவர்கள் எந்தத் திசையிலும் போகலாம். இதைப் படித்துவிட்டுப் பலர் தாங்களும் இடஞ்சுழியாகத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். இடஞ்சுழியில் நடந்தால் சைக்கிள்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வலஞ்சுழியில் எதிரே வரும், முன்கூட்டியே தெரியும். குழந்தையோடு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனாலும் உங்கள் குழுவுக்கு நான் இடஞ்சுழியைத்தான் சொல்வேன். காரணம் தள்ளுவண்டி. மாளிகையிலிருந்து மேற்கே தீபகற்பம் வழியாகப் பிரிக்கீன் பாலம், அதைத் தாண்டி டினிஸ் வரை போவது பெரும்பாலும் அகலமான, கெட்டியான பாதை. குதிரை வண்டிகள் ஓடும் பாதை என்பதால் சாய்வும் மிதம். ஆங்காங்கே குட்டி ஏற்றங்கள் உண்டு. பெரிய காற்றுச் சக்கரம் உள்ள தள்ளுவண்டி தாராளமாக ஓடும். விமானப் பயணத்துக்கு மடக்கும் சின்னச் சக்கர வண்டி சரளை வந்ததும் கையை ஒடித்துவிடும்.

டினிஸ் ஏறத்தாழ பாதிச் சுற்று. அதற்கு அப்புறம் கதை மாறுகிறது. பாதை கென்மேர் போகும் என்71 நெடுஞ்சாலையை நெருங்குகிறது. சாலையைக் கடக்க வேண்டிய இடமும் உண்டு. சாலை குறுகல், வளைவுகள் அதிகம், கோடையில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வரும். வளைவை ஒட்டிக் கடக்காதீர்கள். இரு பக்கமும் நீளமாகத் தெரியும் இடம் வரை நடந்து போய்க் கடங்கள். குழந்தை வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்ப்பது தவறு. வண்டி உங்களுக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே சாலைக்குள் போய்விடும். பக்கவாட்டில் நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆகவே தள்ளுவண்டி என்றால் டினிஸ் போய் அதே வழியில் திரும்புங்கள். முழுச் சுற்றுதான் வேண்டும் என்றால் குழந்தையை முதுகில் சுமக்கும் பையில் போடுங்கள். வண்டியையும் கொண்டுபோய்ப் பாதியில் தூக்கிச் சுமப்பது இரண்டும் கெட்டான் வேலை.

டினிஸ் குடிலில் தேநீர் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அது பருவத்துக்குத் திறப்பது. தண்ணீர், தின்பண்டம் கையோடு இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது. மேலே மலையில் மானும் ஆடும் மேய்கின்றன. ஏரித் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில் இருப்பது அழுக்கு அல்ல, கரிமண் நிறம்.

டினிஸிலிருந்து கொஞ்சம் நடந்தால் நீர்கள் கூடுமிடம் வரும். மேல் ஏரியிலிருந்து வரும் ஆறு பழைய வெயர் பாலத்தின் இரண்டு வளைவுகளுக்குக் கீழே பாய்ந்து வந்து இங்கே கிளை பிரிகிறது: ஒன்று மக்ராஸ் ஏரிக்கு, மற்றது டினிஸ் தீவைச் சுற்றிக்கொண்டு லாக் லேன் ஏரிக்கு. அமைதியாகத் தெரியும், ஆனால் பாலத்தடியில் நீரோட்டம் பலம். குழந்தையைக் கரையில் கை விடாதீர்கள். மக்ராஸ் ஏரியும் கரையோரம்தான் ஆழம் குறைவு. அதிகபட்ச ஆழம் சுமார் 75 மீட்டர், தண்ணீர் கோடையிலும் குளிர்.

---

கார்க்வாசி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. திசைக் குழப்பம் தீர்ந்தது. அம்மாவுக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. டினிஸ் போய்த் திரும்பினாலே 10 கி.மீ. ஆகிறதே. யூ மரக்காட்டையும் டார்க் அருவியையும் அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் இறக்கம் இல்லாத வழி உண்டா?

---

சுண்ணாம்புக்கல் எழுதியது:

உண்டு. இரண்டையும் ஒரே நடையில் சேர்க்காதீர்கள், அவ்வளவே.

யூ மரக்காட்டுக்கு ஆர்தர் யங் தடம் அம்மாவுக்கு வேண்டாம். கரடுமுரடு. தீபகற்பத்தின் முக்கியப் பாதையே ரீனடின்னாவை ஒட்டிப் போகிறது. கெட்டித் தரையில் நின்றபடியே இரு பக்கமும் பார்க்கலாம். மாளிகையிலிருந்து அங்கே போய்த் திரும்புவது அவருடைய 5 கி.மீ.க்குள் அடங்கும். காட்டுக்குள் கண் பழகச் சில நிமிடம் ஆகும், அவ்வளவு இருட்டு. நின்றால்தான் பாறையை வேர்கள் கவ்வியிருப்பது தெரியும்.

அருவிக்குக் காரில் போங்கள். மாளிகைக்குக் கார்கள் நுழையும் வாயிலிலிருந்து 2.5 கி.மீ. வாகன நிறுத்தத்திலிருந்து அருவியடிக்கு 200 மீட்டர்தான், மெல்லிய ஏற்றம். அருவி சுமார் 20 மீட்டர் உயரம். பக்கத்தில் மேலே போகும் கற்படிகள் அவருக்கு வேண்டாம். ஏறிவிடலாம், ஈரப்படியில் இறங்குவதுதான் முழங்காலுக்கு எமன். கீழிருந்து பார்த்தாலே அருவி முழுதாகத் தெரியும். மேலே கிடைப்பது ஏரியின் காட்சி, அருவியின் காட்சி அல்ல.

காலை ஒன்பதுக்கு முன் போனால் நிறுத்த இடம் கிடைக்கும். பதினொரு மணிக்கு மேல் சிறிய நிறுத்தம் நிரம்பி, சாலையோரம் வண்டிகள் வால்பிடித்து நிற்கும். மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். மேங்கர்டன் மலையில் உள்ள பிசாசின் கிண்ணம் என்ற ஏரியிலிருந்து வரும் ஓவன்காரிஃப் ஆறுதான் அருவியாக விழுகிறது. பாறைச் சரிவு ஆதலால் மழைநீர் சீக்கிரம் வந்து சீக்கிரம் வடிந்துவிடும். ஒரு வாரம் வெயில் அடித்திருந்தால் ஏமாற்றம்தான்.

சமதளமாக இன்னும் நடக்க ஆசைப்பட்டால் பழைய படகுத்துறைத் தடம் இருக்கிறது, வெறும் 0.8 கி.மீ., மாளிகைத் தோட்டத்துக்குக் கீழே. மக்ராஸ் மடம் வரை போகும் பாதையும் சமமானது. 1448இல் பிரான்சிஸ்கன் துறவிகளுக்காக எழுந்த மடம் அது. இன்று கூரை இல்லாத சுவர்கள். நடுமுற்றத்தில் ஒரு பெரிய யூ மரம் நிற்கிறது. ரீனடின்னாவுக்குப் போக முடியாத மழை நாளில் யூ மரம் பார்க்க அதுவே போதும். உள்ளே படிகள் குறுகல், தேய்ந்தவை. கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

---

செவிலி_ட்ரலீ எழுதியது:

உண்ணிக் கேள்வியை யாரும் தொடவில்லை.

கில்லார்னிக் காட்டில் மான் நிறைய. மான் இருக்கும் இடத்தில் உண்ணி இருக்கும். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை தொந்தரவு, மிதமான அக்டோபரிலும் உண்டு. பறக்காது, மரத்திலிருந்து குதிக்காது. புல் நுனியிலும் பெரணி இலையிலும் காத்திருந்து உரசுகிறவர்மீது ஒட்டிக்கொள்ளும். ஆகவே அகலப்பாதையின் நடுவில் நடப்பவருக்கு ஆபத்து குறைவு. குழந்தையைப் பெரணிக்குள் இறக்கிவிட்டுப் படம் எடுப்பவருக்கு அதிகம்.

- நீளக் காற்சட்டை, அதன் முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறம் நல்லது, ஊர்வது தெரியும்.
- அறைக்குத் திரும்பியதும் உடைகளைக் கழற்றி முழு உடலையும் பாருங்கள். குழந்தைக்கு உச்சந்தலை, காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம். இளம் உண்ணி கசகசா அளவுதான், மச்சம் என்று விட்டுவிடுவார்கள்.
- ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேர்மேலே இழுங்கள். எண்ணெய், வாசலின், நெருப்பு எதுவும் கூடாது. அது திணறும்போது உள்ளே இருப்பதைக் கக்கும், நோய் தொற்றும் வாய்ப்பு கூடும்.
- எடுத்தபின் சோப்புத் தண்ணீரால் கழுவி, தேதியைக் குறித்துவையுங்கள்.

தேதி எதற்கென்றால், உண்ணி பரப்பும் லைம் நோயின் அடையாளமான பரவும் சிவப்புத் தடிப்பு பொதுவாக 3 முதல் 30 நாட்களுக்குள் வரும். கடித்த மறுநாள் தோன்றி, ஓரிரண்டு நாளில் மறையும் சின்னச் சிவப்பு வெறும் ஒவ்வாமை. நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனால், அல்லது காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், குடும்ப மருத்துவரிடம் "இந்தத் தேதியில் கில்லார்னியில் உண்ணி கடித்தது" என்று சொல்லுங்கள். தடிப்பு நடுவில் வெளிறி அம்பெய்யும் இலக்குப் பலகைபோல இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; முழுச் சிவப்பாகவும் வரும். எல்லா உண்ணியிலும் நோய் இல்லை, எனவே பதற வேண்டாம். ஒன்றரை வயதுக்குப் பூச்சிவிரட்டி பூசும் முன் மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பழங்கள். அக்டோபரில் காட்டில் சிவப்பாக இரண்டு பழம் இருக்கும், குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். யூ மரத்தில் சிறிய, மெழுகுபோன்ற, ஒரு பக்கம் திறந்த சிவப்புக் கிண்ணம், உள்ளே கரிய விதை. அந்தச் சதையைத் தவிர மரத்தின் எல்லாப் பகுதியும் நஞ்சு, விதையும் இலையும் மிகக் கொடியவை. விதையைக் கடித்து விழுங்கிவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே 112. மற்றது ஏரிக்கரைப் பாறைகளில் நிற்கும் ஆர்புட்டஸ். சொரசொரப்பான உருண்டைப் பழம், உண்ணத்தக்கது, ஆனால் சப்பென்று இருக்கும். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்பதால் "சிவப்பு எதையும் தொடாதே" என்ற ஒரே விதி போதும்.

---

பழையவரைபடம் எழுதியது:

ஆர்புட்டஸ் பற்றி ஒன்று. அதன் பழம் பழுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதனால் சென்ற ஆண்டின் பழமும் இந்த ஆண்டின் வெள்ளைப் பூவும் ஒரே கிளையில் தொங்குவதை உங்கள் அக்டோபரில் பார்க்கலாம். அயர்லாந்தின் தென்மேற்கில் இயல்பாக வளரும் இந்த மரம் பக்கத்துப் பிரிட்டனில் இயல்பாக இல்லை. அடுத்த வீடு தெற்கு ஐரோப்பாதான். காட்டின் நிழல் தாங்காது, அதனால்தான் வெளிச்சம் கிடைக்கும் கரைப்பாறையிலேயே ஒண்டியிருக்கிறது. பிரிக்கீன் பாலத்துப் பக்கம் தேடுங்கள். இதே போல ஸ்பெயின், போர்ச்சுகல், அயர்லாந்து என்று மட்டும் வாழும் இன்னொரு ஆள் கெர்ரிப் புள்ளி நத்தை. ஓடில்லாதது, கரிய அல்லது பழுப்பு உடலில் வெளிர்ப் புள்ளிகள், தொட்டால் பந்துபோலச் சுருளும். மழை நாளில் ஓக் அடிமரப் பாசியில் இருக்கும். சட்டப் பாதுகாப்பு உள்ளது, பார்ப்பதோடு சரி.

பாதை ஏன் இப்படிப் போகிறது என்று தெரிந்தால் நடை எளிதாகும். இது மலையேறிகள் போட்ட தடம் அல்ல, ஒரு பெரிய பண்ணையின் உலாப்பாதை. ஹெர்பர்ட் குடும்பத்தின் எஸ்டேட்டாக இருந்தது. ஆர்தர் யங் என்ற வேளாண்மை எழுத்தாளர் 1776இல் வந்ததால்தான் அந்தத் தடத்துக்கு அவர் பெயர். இன்றைய மாளிகை 1843இல் முடிந்தது, ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞர் வில்லியம் பர்ன் வரைந்தது. 1861இல் விக்டோரியா மகாராணி தங்கினார். மேல் ஏரிக்கு மேலே உள்ள லேடீஸ் வியூ அவருடைய தோழியர் பெயரால் வந்தது. 1899இல் கின்னஸ் குடும்பத்து ஆர்டிலான் பிரபு வாங்கினார், 1911இல் கலிஃபோர்னியாவின் வில்லியம் போர்ன் வாங்கித் தன் மகள் மாட் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். மாட் 1929இல் இறந்தபின், 1932இல் குடும்பம் எஸ்டேட் முழுவதையும் நாட்டுக்கு எழுதிக்கொடுத்தது. அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது.

வண்டிப் பயணிக்குக் காட்சி தெரியும்படி வளைத்துப் போட்ட பாதையில் குறுக்குவழி தேடுவது வீண். வளைவு நீள்வதற்கு ஏற்றத்தைத் தவிர்ப்பதுதான் காரணம். குறுக்கே தெரியும் ஒற்றையடித் தடங்கள் பெரும்பாலும் மான் போட்டவை, சேற்றில் கொண்டுபோய் விடும்.

தென்கரையில் வெட்டிக் குவித்த புதர்க் கட்டைகளைப் பார்த்து "காட்டை அழிக்கிறார்கள்" என்று கொதிப்பவர்கள் உண்டு. அது ரோடோடென்ட்ரான். அழகுக்காகவும் வேட்டைப் பறவைகளுக்கு மறைவாகவும் எஸ்டேட் காலத்தில் கொண்டுவந்து நட்டது. மே, ஜூனில் ஊதாப் பூ அள்ளும், ஆனால் அதன் நிழலில் ஓக் கன்று ஒன்றும் முளைக்காது. பெரிய மரங்கள் விழும்போது பதிலுக்கு இளமரம் இல்லாத காடாகிவிடும். ஒரு முறை வெட்டினால் போதாது, அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். நீங்கள் செய்யக்கூடியது, வரும்போதும் போகும்போதும் காலணிச் சேற்றைத் தேய்த்துக் கழுவுவது. மரநோய்க் கிருமிகளும் விதைகளும் அதில்தான் பயணம் செய்கின்றன.

---

மழைக்கோட்டு எழுதியது:

அக்டோபர் என்பதால் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, மான். செப்டம்பர் கடைசியிலிருந்து செம்மான்களின் இணைசேரும் பருவம். ஆண் மான் கர்ஜிப்பது காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும், காளை மாட்டுக் குரல் மாதிரி. மக்ராஸைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் கண்ணுக்கே தெரியும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கிடாய்க்கும் பெண் மான்களுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நடந்து காட்டினால் விலகச் சொல்கிறது என்று அர்த்தம். ஓடாமல் முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்வாங்குங்கள். உணவு கொடுக்கவே கூடாது. இங்குள்ள செம்மான்கள் அயர்லாந்தின் பழைய பூர்வீகக் கூட்டம். புள்ளி தெரியும் சிறிய மான் சிகா, 1865இல் கொண்டுவந்து விட்டது.

இரண்டு, காற்று. மழைக்குப் பயந்தால் கெர்ரியில் வாழ முடியாது, ஆனால் அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரன் காற்றுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் காட்டுப்பக்கமே போகக் கூடாது. மேலோட்டமான வேர் கொண்ட மரங்கள், நோயால் பட்டுக்கொண்டிருக்கும் ஆஷ் மரங்கள், பாதைக்கு மேல் தொங்கும் கிளைகள். எச்சரிக்கை முடிந்த மறுநாள் காலையும் அவசரப்படாதீர்கள். முறிந்து சிக்கிய கிளை காற்று நின்றபின்தான் விழும்.

தொடர் மழைக்குப் பிறகு ஏரிமட்டம் ஏறிக் கரையோரத் தாழ்வுகள் நீரில் மூழ்கும். பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாமல் தள்ளுவண்டியை இறக்காதீர்கள்.

அக்டோபர் முதல் வாரம் சூரியன் மாலை ஏழு மணியளவில் மறையும். யூ காட்டுக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தி. மாதக் கடைசியில் கடிகாரம் மாறியதும் ஐந்தரைக்குள் இருட்டு, டிசம்பரில் நாலரைக்கே. முழுச் சுற்று போகிறவர் மதியம் ஒரு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்தால் காயாது, நடை நின்றதும் குளிர் பிடிக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, மேலே நீர் புகாத மேலங்கி. தள்ளுவண்டிக் குழந்தை நடப்பதில்லை, உங்களுக்கு வேர்க்கும்போதே அவனுக்குக் குளிரும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், கையை அல்ல. கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். மழைமூடியை முழுதாக மூடிவைத்தால் உள்ளே மூச்சுக்காற்று ஈரம் சேரும், மழை விட்டதும் திறந்துவிடுங்கள்.

சில இடங்களில் அலைபேசி சிக்னல் அறுந்துபோகும். வரைபடத்தை முன்னாலேயே இறக்கிவையுங்கள். காகிதம் பிடிக்கும் என்றால் டிஸ்கவரி வரைபடத் தொடரின் 78ஆம் தாள்.

---

கார்க்வாசி எழுதியது:

முடிவு இப்படி: முதல் நாள் காலை அருவி, பிறகு அம்மாவோடு ரீனடின்னா வரை தள்ளுவண்டி. மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் முறை வைத்து முழுச் சுற்று. ஒருவர் குழந்தையோடு மாளிகைத் தோட்டத்தில். கடைசியாக ஒன்று: அம்மாவைக் குதிரை வண்டியில் டினிஸ் வரை அழைத்துப்போகலாமா?

---

பழையவரைபடம் எழுதியது:

போகலாம். அந்த வண்டிக்கு ஜான்டிங் கார் என்று பெயர், ஓட்டுகிறவர் ஜார்வி. ஏறும் முன் மூன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்: கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா, எதுவரை போகும், அங்கே எத்தனை நிமிடம் காத்திருக்கும். "ஏரி வரை" என்ற பேச்சுக்கு இங்கே அர்த்தமே இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரிதான். டினிஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தள்ளுவண்டி மடங்குமானால் ஏற்றிக்கொள்வார்கள். ஏறும் படி உயரமாக இருக்கும். அம்மா முதலில் நல்ல முழங்கால் உள்ள காலை வைத்து ஏறட்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வைக்கட்டும்.